இனிமேல் என்னதான் வரும்? ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிறு, மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் பெற்றோர்களோடும் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களோடும் உட்கார்ந்து பேசுகிறோம். நான் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இருபத்தாறு வருடம் டெக்னீசியனாக இருந்தவன். தொழில்நுட்பம் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததை அடுத்த மாதத்துக்குள் படித்துவிட்டு வருகிறேன். அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை எழுதியே வைத்துவிட்டேன்.

எதிர்காலம் நன்றாக இருக்கும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

முதலில் என் வீட்டை வைத்து. என் பாட்டி கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். விடியுமுன்னே பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, கைக்குழந்தை ஆயாக்கொட்டகை என்ற குழந்தைக் காப்பகத்தில். அவருக்குப் பிறந்த ஒன்பது பேரில் தங்கியது ஆறு. அதை ஒரு பெரிய சோகமாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. மழை பெய்தது என்பது போலச் சொல்வார், எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருந்தது என்பார்.

இப்போது உலகக் கணக்கைப் பாருங்கள். 1990-ல் ஐந்து வயது ஆவதற்குள் இறந்த பிள்ளைகள் ஏறத்தாழ 12.8 மில்லியன். 2022-ல் அது 4.9 மில்லியன். தடுப்பூசி, உப்புச் சர்க்கரைக் கரைசல், மருந்து தோய்த்த கொசுவலை, நல்ல தண்ணீர் இவையெல்லாம் சேர்ந்து செய்த வேலை. இதில் ஒன்றுகூடப் பளபளப்பான சாமான் கிடையாது. மலிவாகி, சாதாரணமாகி, யாரும் கவனிக்காத பொருளாகி, அப்புறம்தான் இத்தனை உயிரைக் காப்பாற்றின.

அதனால் புதிதாக ஒன்று வந்துவிட்டது என்று செய்தி படித்தால் நான் கேட்பது ஒரே கேள்வி: இதன் விலை எப்போது இறங்கும்? மனித மரபணுத் தொகுதியை முதன்முதலாகப் படித்து முடிக்க 13 வருடமும் கிட்டத்தட்ட 3 பில்லியன் டாலரும் ஆயின, 2003-ல் முடித்தார்கள். இன்று ஒருவருடைய மரபணுவை ஆயிரம் டாலருக்கும் குறைவாக, சில நாளில் படித்துவிடுகிறார்கள். சில விலைகள் இப்படித் தானாக இறங்கும். சில விலைகளை யாராவது பிடித்து இழுக்க வேண்டும். இரண்டுக்கும் கீழே உதாரணம் வருகிறது.

ஏஐ (செயற்கை நுண்ணறிவு) வந்தால் எங்கள் வேலை போய்விடுமா அண்ணே?

சிலருக்குப் போகும். இதை மழுப்பிச் சொல்லி ஒரு பயனும் இல்லை. ஆனால் பினாங்குக்காரர்கள் இந்தக் கேள்வியை முதல்முறையாகக் கேட்கவில்லை, அதனால் சின்னம்மா கதையைச் சொல்கிறேன்.

1972-ல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்தது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அங்கேதான் போட்டது. அதோடு ஏஎம்டி, எச்பி, போஷ், ஹிட்டாச்சி என்று முதலில் வந்த எட்டு கம்பெனிகளை இன்றைக்கும் 'எட்டு சாமுராய்' என்பார்கள். தோட்டத்திலிருந்தும் கம்பத்து (கிராமத்து) வீடுகளிலிருந்தும் பெண்பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் கம்பெனி பஸ் ஏறினார்கள். என் சின்னம்மா படிவம் மூன்றோடு நிறுத்திவிட்டு 1978-ல் போனார். நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, சில்லிலிருந்து (சிப்) அதைத் தாங்கும் உலோகச் சட்டத்துக்குத் தங்கக் கம்பி இணைப்பது அவர் வேலை. அந்தக் கம்பியின் தடிமன் சுமார் 25 மைக்ரான், தலைமுடியில் பாதிகூடக் கிடையாது. தும்மல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தட்டு முழுவதும் வீண். முப்பது வயதுக்குள் கண்ணாடி போட்டுவிட்டார்.

எண்பதுகளில் அதே வேலையைத் தானாகச் செய்யும் இயந்திரங்கள் வந்தன. வீட்டில் எல்லோரும், இனி அவ்வளவுதான், பிள்ளைக்கு வேலை போச்சு என்றார்கள். சின்னம்மாவுக்குப் போகவில்லை. இயந்திரம் கம்பி அறுத்தால் மாற்றுவது, சூடு சரிபார்ப்பது, தவறான இணைப்பைக் கண்டுபிடிப்பது எல்லாம் கற்றுக்கொண்டு, ஓய்வு பெறும்போது பதினாறு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் லைன் லீடர். "அந்த மெஷின் அஞ்சு வருசம் முன்னாடியே வந்திருந்தா எனக்குக் கண்ணாடியே வேண்டியிருந்திருக்காது" என்பார். இதுவரை ஏஐ பற்றி நான் கேட்ட பேச்சிலேயே உருப்படியானது இதுதான், அவருக்கு ஏஐ என்றால் என்னவென்றே தெரியாது.

ஆனால் அவருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த தோழிக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. மூன்று மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே படிப்பு, ஒரே கைத்திறன். சின்னம்மாவின் சூப்பர்வைசர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார், தோழிக்கு வாய்த்தவர் அப்படி இல்லை.

இப்போது வருவதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கிராணி (குமாஸ்தா) வேலை, கணக்குப் பதிவு, கால் சென்டர், சாதாரண மொழிபெயர்ப்பு எல்லாம் குறையும். ஒருவர் பத்துப் பேர் வேலையைப் பார்ப்பார். அதே நேரத்தில் உலகத்தில் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. ஏஐக்கான சில்லுகளைப் பக்கத்தில் பக்கத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாகவும் அடுக்கிப் பொதிவது இப்போது பெரிய கலையாகிவிட்டது. சின்னம்மா செய்ததன் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024-ல் அரசாங்கம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் திட்டத்தில் 60,000 பொறியாளர்களைத் தயார் செய்வதாக இலக்கு வைத்திருக்கிறார்கள். அந்த அறுபதாயிரத்தில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று இப்போதே எண்ண ஆரம்பிக்க வேண்டும்.

அப்படியானால் பிள்ளையை என்ன படிக்க வைப்பது?

எந்தக் கோர்ஸ் என்று கேட்பவர்களிடம் பெயர் சொல்ல மாட்டேன், ஐந்து வருடத்தில் பெயர்கள் மாறிவிடும். கணக்கைக் கண்டு பயப்படாத பிள்ளையும், ஒரு சாமானைத் திறந்து பார்க்கக் கை துறுதுறுக்கும் பிள்ளையும் எந்தக் காலத்திலும் பிழைத்துக்கொள்ளும்.

படிவம் ஐந்தில் எழுதும் எஸ்பிஎம் தேர்வு முடித்ததும் பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் மானம் போய்விட்டது போல நடந்துகொள்ளும் பெற்றோரைத்தான் எனக்குத் திருத்தத் தெரியவில்லை. பாலிடெக்னிக், தொழிற்பயிற்சி என்றால் முகத்தைச் சுளிக்கிறார்கள். ஒரு ரோபோ கை நின்றுவிட்டால் அதைக் கிளப்ப வருபவனுக்கு என்ன சம்பளம் என்று அவர்கள் விசாரித்ததே கிடையாது.

மருத்துவத்தில் உண்மையாகவே என்ன மாறப்போகிறது?

இதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஹெபடைடிஸ் சி என்று கல்லீரலைச் சத்தமில்லாமல் தின்னும் கிருமி ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் மாதக்கணக்கில் ஊசி போட வேண்டும், காய்ச்சலும் சோர்வுமாகக் கிடப்பார்கள், அப்படியும் பலருக்குக் குணமாகாது. 2013-ல் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரை வந்தது. பன்னிரண்டு வாரம் சாப்பிட்டால் கிருமி போய்விடும். அமெரிக்காவில் அதன் விலை ஒரு மாத்திரை 1,000 டாலர், முழுச் சிகிச்சைக்கு 84,000 டாலர். மருந்து வந்துவிட்டது, நமக்கு வரவில்லை.

2017-ல் மலேசிய அரசு, காப்புரிமை இருந்தாலும் பொது நலனுக்காக மலிவுப் பதிப்பை வரவழைக்கும் உரிமத்தைப் பயன்படுத்தியது. இந்த மருந்துக்கு அப்படிச் செய்த முதல் நாடு நம் நாடு. பிறகு தாய்லாந்தோடு சேர்ந்து ராவிடாஸ்விர் என்ற துணை மருந்தை இங்குள்ள நோயாளிகளிடமே சோதித்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 97 விழுக்காட்டினர் குணமானார்கள். 2021-ல் உலகிலேயே முதலில் அதைப் பதிவு செய்ததும் மலேசியாதான். முழுச் சிகிச்சையையும் 300 டாலர் அளவுக்குக் கொண்டுவருவதுதான் இலக்காக இருந்தது. மண்டபத்தில் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. நம் நாடு செய்த நல்ல காரியம் நம் காதுக்கு வந்து சேர்வதற்கே பத்து வருடம் ஆகிறது.

இதே கண்ணோடு மரபணுத் திருத்தத்தைப் பாருங்கள். கிரிஸ்பர் என்ற 'மரபணுக் கத்தரிக்கோல்' 2012-ல் வெளியானது, அதை உருவாக்கிய விஞ்ஞானிகள் டௌட்னா, ஷார்பென்டியே இருவருக்கும் 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது. 2023 நவம்பரில் பிரிட்டன், பரம்பரை ரத்த நோய்களான தலசீமியாவுக்கும் அரிவாள் செல் நோய்க்கும் அந்த முறையில் முதல் சிகிச்சையை அனுமதித்தது. நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் மூலச் செல்களை எடுத்து, கருவில் இருந்தபோது ஓடிய ரத்தப் புரதத்தை மறுபடி உற்பத்தி செய்யும்படி திருத்தித் திரும்ப உடம்புக்குள் செலுத்துகிறார்கள். தலசீமியா பிள்ளை உள்ள வீட்டுக்கு இதன் அர்த்தம் தெரியும். சில வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றத் தனி மருந்து வேண்டும், பள்ளிக்கூடமும் விடுமுறையும் அந்தத் தேதியைச் சுற்றியே ஓடும்.

அமெரிக்காவில் 2023-ல் அறிவித்த விலை 2.2 மில்லியன் டாலர். சிரிப்பு வருகிறதா? 84,000 டாலருக்கும் அப்படித்தான் சிரித்தோம். இன்று பிறக்கும் தலசீமியா குழந்தை கல்யாண வயதுக்கு வருமுன் இது நம் அரசு மருத்துவமனையில் கிடைக்கும் என்பது என் கணிப்பு. தவறினால் என்னை மண்டபத்தில் பிடித்துக் கேளுங்கள்.

இன்னொன்று. மருந்து செய்ய வேண்டுமானால் புரதங்களின் வடிவம் தெரிய வேண்டும். ஒரே ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடத்தில் வருடக்கணக்கில் மெனக்கெடுவார்கள். ஆல்ஃபாஃபோல்ட் என்ற ஏஐ 2022-க்குள் 200 மில்லியனுக்கு மேற்பட்ட புரத வடிவங்களைக் கணித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகப் போட்டுவிட்டது. அதைச் செய்தவர்களுக்கு 2024-ல் வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது. ஏஐ என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதிக் கொடுக்கும் சாமான் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

டெங்கிக் கொசுவைக் கொல்லச் சொன்னால், கொண்டு வந்து விடுகிறார்களே?

இந்தக் கேள்வி எப்போதும் கோபத்தோடுதான் வரும், நியாயமும்கூட. 2019-ல் மட்டும் மலேசியாவில் 130,000 பேருக்கு மேல் டெங்கி வந்தது.

விஷயம் இதுதான். பழ ஈ போன்ற பல பூச்சிகளின் உடம்பில் வோல்பாக்கியா என்று ஒரு பாக்டீரியா இயற்கையாகவே இருக்கிறது. டெங்கி பரப்பும் ஏடிஸ் எஜிப்தியில் கிடையாது. ஆய்வுக்கூடத்தில் அதை ஏற்றினால் கொசுவுக்குள் டெங்கி வைரஸ் பெருக முடியாமல் திணறுகிறது. தாய்க் கொசுவிடமிருந்து முட்டைக்கும் அது போய்விடும், அதனால் ஊருக்குள் விட்டால் தலைமுறை தலைமுறையாகத் தானே பரவும். மலேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெல்பர்ன், கிளாஸ்கோ பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து சிலாங்கூர் குடியிருப்புகளில் இதைச் செய்து பார்த்தது; விட்ட இடங்களில் டெங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்ததாக 2019-ல் முடிவு வெளியானது. பக்கத்து இந்தோனேசியாவில் யோக்யகர்த்தா சோதனையில் 77 விழுக்காடு.

கொசு கடிக்கும், அதில் மாற்றமில்லை. பூச்சட்டித் தட்டில் தண்ணீர் தேங்கவிட்டால் அபராதமும் வரும்.

மின்சாரக் கட்டணமும் சூடும் ஏறிக்கொண்டே போகிறதே, இதில் என்ன நம்பிக்கை?

தானாக இறங்கிய விலைக்கு இதுதான் உதாரணம். சோலார் பலகை 2010-ல் விற்ற விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்குப் பத்தே வருடத்தில் வந்துவிட்டது. மின்கலமும் அப்படித்தான்: ஒரு யூனிட் மின்சாரத்தைச் சேமிக்கும் லித்தியம் பேட்டரிக்கு 2010-ல் ஆயிரம் டாலருக்கு மேல், 2024-ல் 115 டாலர். பகலில் வெயிலைப் பிடித்து இரவில் வீட்டு மின்விசிறி சுற்றுவது கணக்குக்கு ஒத்துவருகிறது. நம் நாடு 2050-க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறது.

தரை வீட்டுக்காரருக்குச் சரி. அடுக்குமாடியில் பதினோராவது மாடியில் இருப்பவருக்குக் கூரை ஏது? இதற்குக் கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை, நிர்வாகக் கூட்டத்தில் நான்கு பேர் சண்டை போடாமல் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் மண்டபக் கூரையில் பலகை போடுவது பற்றியே செயற்குழு எட்டு மாதமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு பக்கம், ஏஐக்காக ஜொகூரில் கட்டும் தரவு மையங்கள் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறையக் குடிக்கும். அதற்கான விலையை அவர்களிடமே வாங்க வேண்டும், வீட்டு பில்லில் ஏற்றக்கூடாது.

இதிலெல்லாம் தமிழுக்கு இடம் உண்டா?

உண்டு, நாம் விட்டுக்கொடுத்தால் தவிர. கணினியில் தமிழ் என்றாலே மலேசியாவைச் சொல்லாமல் பேச முடியாது. தமிழில் தட்டச்சு செய்யும் முரசு அஞ்சல் மென்பொருளை முத்து நெடுமாறன் இங்கேதான் உருவாக்கினார், கைத்தொலைபேசிக்குச் செல்லினம் கொடுத்ததும் அவரே. தமிழ் இணைய மாநாடு 2001-ல் கோலாலம்பூரில் நடந்தது. சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து எழுத்துரு வரைந்தவர்கள் இருந்ததால்தான் இன்று பாட்டிகூடத் தமிழில் புலனச் (வாட்ஸ்ஆப்) செய்தி அனுப்புகிறார்.

இப்போதைய சிக்கல் வேறு. ஏஐக்குத் தமிழ் தெரிகிறது, ஆனால் படித்த தமிழ் குறைவு. நம் மலேசியத் தமிழ் இன்னும் குறைவு. ஒருநாள் போனிடம், "ரெண்டு ரொட்டி சானாய் தாப்பாவ்" என்றேன், ரெண்டு ரொட்டியைப் பொட்டலம் கட்டு என்று அர்த்தம். "ரெண்டு ரொட்டி சாணை தப்பா" என்று எழுதிக் காட்டியது. தப்பு அதனுடையதல்ல. பசியாறுவது, பொட்டலம் கட்டுவது, பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பேரம் பேசுவது என்று நாம் நாள் முழுக்கப் பேசுவதை எங்கே எழுதி வைத்திருக்கிறோம்?

பினாங்கில் 1816-ல் தொடங்கிய ஒரு தமிழ் வகுப்பிலிருந்து இன்று நாட்டில் ஐநூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள். ஒவ்வொரு பள்ளியிலும் ஆறாம் ஆண்டு மாணவர்கள் தாத்தா பாட்டியின் தோட்டக் கதையை அவர்கள் சொன்னபடியே பதிவு செய்து எழுதினால் போதும், அடுத்த ஏஐக்குப் பெரட்டு என்றால் என்ன, ஆயாக்கொட்டகை என்றால் என்ன என்று தெரிந்துவிடும். இதற்கு ஒரு போன் போதும்.

ஓட்டுநர் இல்லாத வண்டியை நம்பலாமா?

கோலாலம்பூரில் கிளானா ஜெயா எல்ஆர்டி நகர ரயில் 1998-லிருந்தே ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிறது. முன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளைத் தவிர யாரும் அதைக் கவனிப்பதில்லை. தனிப் பாதையில் அது சுலபம். நம் சாலையில், சிக்னல் போடாமல் நுழையும் மோட்டார்சைக்கிள்களுக்கு நடுவே இன்னும் நாளாகும்.

செவ்வாய்க்கு மனிதர் போவார்களா?

போவார்கள். எனக்கு பட்டர்வொர்த்தே போதும்.

குரலைக்கூட ஏஐ காப்பியடிக்குமாமே, பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியதுதான். சில நொடிப் பேச்சு இருந்தால் ஒருவர் குரலைப் போலவே பேச வைக்கலாம். "அம்மா, ஆக்சிடென்ட், உடனே பணம் அனுப்புங்க" என்று மகன் குரலில் அழைப்பு வந்தால் எந்தத் தாய்க்குக் கை நடுங்காது? எங்கள் புளோக்கில் ஒரு அக்கா இப்படி மூவாயிரம் வெள்ளியை (ரிங்கிட்) தொலைத்தார்.

வீட்டில் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது செத்துப்போன பூனையின் பெயர். பணம் கேட்டு யார் அழைத்தாலும் அந்தச் சொல் வர வேண்டும். வரவில்லை என்றால் வைத்துவிட்டு நீங்களே மகனுடைய பழைய எண்ணுக்கு அழையுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 997-க்கு அழையுங்கள், தேசிய மோசடித் தடுப்பு மையம். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்த வாய்ப்பு உண்டு.

எனக்கு எழுபத்து நாலு வயசு. எனக்கு இதில் என்ன இருக்கிறது தம்பி?

இதைக் கேட்ட அம்மாவுக்குக் காது மந்தம். மண்டபத்தில் எப்போதும் முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரை இடித்து இடித்து, "என்ன சொல்றாரு?" என்று கேட்பார். காது மிஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், இரைச்சல் தாங்காமல் டப்பாவுக்குள் வைத்துவிட்டார்.

அவருடைய பழைய ஆண்ட்ராய்டு போனில், பேசுவதை அப்படியே எழுத்தாகக் காட்டும் இலவசச் செயலியைப் போட்டு, மொழியைத் தமிழாக மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். பேத்தியைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னேன். "பாட்டி, எனக்கு கணக்குல ஏ கிடைச்சிருக்கு" என்றது பிள்ளை. ஒரு நொடி கழித்து எழுத்து ஓடியது. அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைத் தூக்கி இரண்டு முறை படித்தார். அப்புறம் பேத்தியைப் பார்த்து, "எப்போடி வந்துச்சு ரிசல்ட்டு, மூணு நாளா சொல்லவே இல்ல?" என்றார். பிள்ளை சொல்லியிருக்கிறது, அவருக்குத்தான் கேட்கவில்லை.

அடுத்த மாதம் வந்தபோது, அடுப்படியில் மருமகள் முணுமுணுப்பதுகூட போனில் வருகிறது என்று ரொம்பச் சந்தோஷமாகச் சொன்னார். கூட்டம் முடிந்ததும் மருமகள் தனியாக வந்து, அதை எப்படி அழிப்பது என்று கேட்டுக்கொண்டு போனார்.